மூன்று மணி நேரம் படித்தும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், தமிழ் வழி, உயிரியல்-கணிதப் பிரிவு. பத்தாம் வகுப்பில் 500க்கு 462 எடுத்தேன். இப்போது காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 29தான். தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தேர்வில் மறந்துபோகிறது. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளியில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. ஆனால் புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருக்கும், நாங்கள் வீட்டுப்பாடம் எழுதுவோம். ஊரில் கிளை நூலகம் இருக்கிறது, உள்ளே போனதில்லை. நூலகத்துக்குப் போனால் மதிப்பெண் கூடுமா, நேரம் வீணாகுமா? நோட்ஸ் எப்படி எடுப்பது? கதைப் புத்தகம் எடுத்தால் அம்மா திட்டுகிறார், அவர் சொல்வது சரியா? எடுத்த புத்தகம் கிழிந்தால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நூலகத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் மதிப்பெண் கூடாது. கையில் ஒரு கேள்வியோடு உள்ளே போய், பதிலைத் தேடிப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு அதை உன் சொல்லில் எழுதிவிட்டு வந்தால் கூடும். இதில் உனக்கு விடுபட்டிருப்பது கடைசிப் பகுதி, அந்த மூடிவிட்டு எழுதுவது. நூலகம், நோட்ஸ், வீட்டுப் படிப்பு என்று நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அதைச் சுற்றித்தான் வரும்.

படிக்கும்போது தெரிகிறது, தேர்வில் மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறாய். அது உன் மூளையின் குறை அல்ல. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறை பகுதியை மறுபடியும் படித்தார்கள். இன்னொரு முறை பகுதியைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. அதாவது அன்றைக்கு மறுபடி படித்ததே நன்றாக இருந்ததுபோலத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தது 42, எழுதிப் பார்த்தது 56. உன் காலாண்டுத் தேர்வில் நடந்தது இதுதான். திரும்பத் திரும்பப் பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைத் தெரிந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம். தேர்வறையில் பக்கம் கண்முன் இருக்காது. வெளியிலிருந்து எதுவும் எடுத்துக் கொடுக்காதபோது உள்ளிருந்து எடுக்கும் பயிற்சிதான் அங்கே வேண்டும். அந்தப் பயிற்சியை உன் மூன்று மணி நேரத்தில் நீ ஒரு நிமிடம்கூடச் செய்யவில்லை என்று உன் கடிதத்திலிருந்து புரிகிறது.

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் கைகொடுத்ததற்கும் காரணம் உண்டு. பாடத்தின் பின்னாலுள்ள வினாக்களே பெரும்பாலும் வந்தன, விடையை வரிக்கு வரி எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. ப்ளஸ் ஒன் இயற்பியல் வினாத்தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், அதன்பின் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள். அவற்றில் கணக்கும், 'காரணம் கூறுக'வும், தருவித்தலும் (ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக நிறுவுவது) கலந்து வரும். எண் மாறினால், சூழல் மாறினால், வரி மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும்.

இனி நூலகம்.

பீரோ ஏன் பூட்டியிருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் கிடையாது, ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண்ணோடு ஏறியிருக்கும். இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டு. அவரிடம் போய் 'பீரோவைத் திறந்து விடுங்கள்' என்று கேட்டால் தயங்கத்தான் செய்வார். அவருடைய சுமையைக் குறைக்கும் வேண்டுகோளாகக் கேட்டுப் பார். 'வாரம் பத்துப் புத்தகங்களை எங்கள் வகுப்புப் பெட்டிக்கு ஒரே கையெழுத்தில் கொடுங்கள் மிஸ், நான் வகுப்பில் தனி நோட்டில் எழுதிக் கொடுத்து, அடுத்த நூலகப் பாடவேளையில் பத்தையும் எண்ணித் திருப்பித் தருகிறேன்' என்று சொல். அந்த நோட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: புத்தக எண், பெயர், எடுத்தவர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. முதல் மாதம் ஒரு புத்தகமும் குறையாமல் திரும்பினால், இரண்டாம் மாதம் இருபது கேட்கலாம்.

அதோடு பொருள்வாரியான பட்டியல் ஒன்றும் தேவை. இருப்புப் பதிவேடு புத்தகம் வந்த வரிசையில் இருக்கும். 2009இல் வந்த தாவரவியல் நூலுக்கு அடுத்த எண்ணில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கலாம். அதைப் புரட்டி ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆசிரியர் அனுமதித்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள்: ஒருத்தி புத்தகத்தின் எண்ணையும் பெயரையும் வாசிக்க, மற்றவள் எழுத வேண்டும். இயற்பியலுக்கு ஒரு பக்கம், வேதியியலுக்கு ஒரு பக்கம், தாவரம், விலங்கு, கணிதம், வரலாறு, அகராதி, கதை என்று நோட்டின் பக்கங்களை முன்பே பிரித்து வைத்துக்கொண்டால், எழுதும்போதே பொருள்வாரியாக விழுந்துவிடும். ஒரு பாடவேளையில் ஓர் அடுக்கு முடிந்தாலே நல்லது. அவசரப்பட்டு எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் பட்டியலே பயன்படாது.

தயக்கம் வந்தால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நினைத்துக்கொள். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத் துறைக்கு அவர் வகுத்துத் தந்த ஐந்து விதிகள் 1931இல் வெளிவந்தன. முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நீ எழுதப்போகும் பட்டியல் அந்த நான்காவது விதியைச் சேர்ந்த வேலை.

கிளை நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் போகும்போது, பகுப்பு எண் (எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று காட்டும் எண்) ஒட்டிய புத்தக முதுகுகளைப் பார்ப்பாய். பல நூலகங்களில் டூயி தசமப் பகுப்பு முறை இருக்கும். நூறு நூறாக நினைவில் வைத்தால் போதும்: 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பமும் மருத்துவமும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். உனக்கு வேண்டியது பெரும்பாலும் 500க்குள்: 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல், 570 உயிரியல், 580 தாவரங்கள், 590 விலங்குகள். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் புள்ளிக்குப் பின்னால்தான். 531.6ஐத் தேடுபவர்கள், 11 பெரிய எண்ணாயிற்றே என்று 531.11க்கு முன்னால் தேடுவார்கள். இது தசம எண். 531.11 முதலில், 531.6 பிறகு. பணம்போல நினைத்துப் பார்: 11 காசு, 60 காசு. இன்னொன்று, எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீயே அடுக்கில் செருகாதே. மேசையில் வை. தவறான இடத்தில் செருகப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம், அடுத்த சரிபார்ப்பு வரை யார் கண்ணிலும் படாது.

இப்போது நாற்பது நிமிட நூலகப் பாடவேளையை எப்படிச் செலவிடுவது என்று சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கேள்வியை முதல் நாளே வீட்டில் தயார் செய்துகொண்டு வா. 'உராய்வு பற்றிப் படிக்க வேண்டும்' என்பது கேள்வி அல்ல. அப்படிப் போனால் நாற்பது நிமிடமும் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும். இப்படிக் கேள்: 'தரையில் 20 கிலோ பெட்டி. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.3. நான் 80 நியூட்டன் விசையால் தள்ளுகிறேன். பெட்டி நகருமா? இப்போது உராய்வு விசை எவ்வளவு?' இதற்குச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் 100 நியூட்டன் என்று எழுதுவார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் செங்குத்து விசை 200, அதில் பாதி 100, கணக்கு சரியாகத்தானே வருகிறது! ஆனால் 100 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்சம் மட்டுமே. நீ 80ஆல் தள்ளினால் உராய்வும் 80ஆல்தான் எதிர்க்கும், பெட்டி அசையாது. 100ஐத் தாண்டித் தள்ளினால்தான் நகரும். நகர்ந்துவிட்டால் எதிர்ப்பு 60ஆகக் குறையும். இந்த ஒரு கேள்விக்குள் ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு, உச்ச மதிப்பு மூன்றும் அடங்கிவிட்டன. நல்ல கேள்வி என்பது உன்னைத் தவறு செய்யத் தூண்டும் கேள்வி. பாடத்தில் 'ஆனால்', 'எனினும்', 'மட்டுமே' என்று வரும் இடங்களில் அப்படிப்பட்ட கேள்விகள் ஒளிந்திருக்கும்.

பாடவேளை தொடங்கியதும் முதல் மூன்று நிமிடத்தில், புத்தகத்தைத் தொடாமல், உனக்குத் தெரிந்த விடையை எழுது. தவறாக இருந்தாலும் எழுது. தவறான விடையை எழுதிவிட்டுப் படிக்கும்போது கண் சரியான இடத்தில் நிற்கும். அடுத்த ஐந்து நிமிடம் தேடுதல். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதே. பொருளடக்கத்தைப் பார், பின்னால் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்) இருந்தால் அதைப் பார். தமிழ் அறிவியல் நூல்கள் பலவற்றில் சொல்லடைவு இருக்காது. அப்போது அந்த இயலின் துணைத்தலைப்புகளையும் படங்களுக்குக் கீழேயுள்ள வரிகளையும் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் இடம் கிடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடு. பிறகு இருபது நிமிடம் படி. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படி, ஒரு பத்தி முடிந்ததும் ஒரு கணம் கண்ணை எடுத்து 'இதில் என்ன சொன்னார்கள்' என்று மனசுக்குள் சொல்லிப் பார். அடுத்த எட்டு நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு எழுது. மீதி நான்கு நிமிடத்தில் திறந்து ஒப்பிட்டு, விட்டதை வேறு நிற மையில் சேர்த்து, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் மூலையில் குறித்துவிடு. பக்க எண் எழுதாத நோட்ஸ் ஜனவரியில் உன்னைக் கைவிடும்.

அந்த எட்டு நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் பாதிகூட எழுத வராது. 'இந்த முறை எனக்குச் சரிப்படவில்லை' என்று பலர் அங்கேதான் விட்டுவிட்டு, பழையபடி அடிக்கோடு போடப் போய்விடுகிறார்கள். எழுத வராமல் திணறும் அந்த நேரம்தான் வேலை நடக்கும் நேரம். அடிக்கோடு போடும்போது சுகமாக இருக்கும், ஏனென்றால் அங்கே நினைவுக்கு வேலையே இல்லை.

நோட்ஸ் பற்றிக் கேட்டாய். நீள நோட்டில் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டு ஒரு கோடு போடு. வலப்பக்கம் பெரிய பகுதியில் நீ மூடிவிட்டு எழுதியது வரும். இடப்பக்கம் வெறும் கேள்விகள்: '80 நியூட்டனுக்கு உராய்வு எவ்வளவு, ஏன்?' பக்கத்தின் அடியில் நான்கு விரல் அகலம் விட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் இரண்டு வாக்கியத்தில் எழுது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாக் என்பவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. இதன் பலன் எழுதுவதில் பாதிதான், மீதிப் பாதி வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கக் கேள்விக்கு விடை சொல்வதில் இருக்கிறது. கோடு போட்டு அழகாக எழுதி, மறைத்துப் பார்க்காமலேயே விட்டால் சாதாரண நோட்ஸ்தான். இரண்டு நிற மைக்கு மேல் வேண்டாம். தலைப்புக்கு ஒரு நிறம், வரையறைக்கு ஒரு நிறம் என்று அலங்கரிப்பதில் போகும் நேரத்தில் இன்னும் இரண்டு கேள்வி எழுதலாம்.

தருவித்தல்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதே. ஐந்து மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான், ஒரு வரி மறந்தால் அதற்குக் கீழே எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொரு தருவித்தலிலும் முடிவெடுக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். எறிபொருளின் பாதை பரவளையம் என்று நிறுவ வேண்டுமா? முதல் முடிவு: இயக்கத்தைக் கிடைத்தளம், செங்குத்து என்று இரண்டாகப் பிரிக்கிறோம், ஏனென்றால் புவியீர்ப்பு செங்குத்தில் மட்டும் வேலை செய்கிறது. இரண்டாவது: கிடைத்தளச் சமன்பாட்டிலிருந்து காலத்தைத் தனியே எடுக்கிறோம். மூன்றாவது: அந்தக் காலத்தைச் செங்குத்துச் சமன்பாட்டில் பிரதியிட்டு, காலமே இல்லாத சமன்பாட்டுக்கு வருகிறோம். இந்த மூன்றையும் 'ஏன்' என்பதோடு எழுதி வைத்தால் நடுவிலுள்ள வரிகள் இயற்கணிதம்தான், தானாக வரும். நோட்டில் தருவித்தலை முழுதாக எழுதாதே. முதல் வரி, கடைசி வரி, இடையில் மூன்று முடிவுகள். மீதியைத் தினம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்.

கணக்குகளை இயல் வாரியாக மட்டும் போட்டுப் பழகியிருப்பாய். 'இயக்க விதிகள்' இயலின் கடைசியில் இருக்கும் கணக்குக்கு எந்த விதி என்று யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் தலைப்பு இருக்காது. வாரம் ஒரு நாள் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன் மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடு. முதலில் போடாதே, எந்த வழி என்று மட்டும் சொல், ஏன் என்றும் சொல். சாய்தளத்தில் வழுக்கும் கட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் விசையிலிருந்து முடுக்கத்துக்குப் போ. அடியில் எவ்வளவு வேகம் என்று மட்டும் கேட்டால் ஆற்றல் வழி குறுக்குவழி, அங்கே காலம் தேவையே இல்லை. இந்தத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மனப்பாடத்தால் வராது.

வரையறை, அலகு, பரிமாணம், உயிரியல் பெயர்கள், வேதியியலின் ஆக்சிஜனேற்ற எண்கள் ஆகியவற்றை நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதற்குச் சீட்டுமுறை. வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் வெற்றுப்பக்கம் உள்ளதைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டிக்கொள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. ஒரு சீட்டில் ஒரே விஷயம். மூன்று உறைகள் வை: முதல் உறை தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது பத்து நாளைக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த உறைக்குப் போகும், தவறினால் எந்த உறையிலிருந்தாலும் முதல் உறைக்குத் திரும்பும். நாளைக்குப் பத்துப் புதுச் சீட்டுக்கு மேல் சேர்க்காதே. அந்தப் பத்தும் ஒரு மாதத்தில் முந்நூறாகிவிடும். முதல் வாரம் ஆர்வத்தில் நாளுக்கு நாற்பது எழுதுபவர்களுக்கு இரண்டாம் வாரம் முதல் உறை தடித்துப்போய் மொத்தமும் அலமாரிக்குள் போய்விடும். இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். விடையை வாயால் சொல்லாமல் 'தெரியும்' என்று திருப்பிப் பார்ப்பது ஒன்று. புரியாத பாடத்துக்குச் சீட்டு எழுதுவது மற்றொன்று. புரியாததைச் சீட்டில் எழுதினால் அதுவும் சின்னதாக வெட்டிய மனப்பாடம்தான்.

வீட்டில் ஒரே அறை என்பதை வைத்தே நேரத்தைப் பிரி. சத்தத்தில் செய்ய முடிந்தது, முடியாதது என்று இரண்டு. சீட்டு பார்ப்பது, படம் வரைந்து பாகம் குறிப்பது, நாளைய கேள்வியைத் தயார் செய்வது எல்லாம் டிவி ஓடும்போதும் பஸ்ஸிலும் நடக்கும். புதிய பாடம் படிப்பது, தருவித்தல், கணக்கு மூன்றும் அமைதி கேட்பவை, அவற்றைப் பள்ளி முடிந்ததும் கிளை நூலகத்தில் ஒரு மணி நேரத்திலும் விடியற்காலையிலும் வை. மூன்று மணி நேரத்தை ஒரே மூச்சில் உட்காராதே. 35 நிமிடம் வேலை, எழுந்து 5 நிமிடம் நட, மறுபடியும் 35. நாலு மணிக்கு எழுந்தால்தான் நல்லது என்று யாராவது சொன்னால், இரவு எட்டு மணிக்குத் தூங்க முடியுமா என்று முதலில் பார். உன் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் குறையக் கூடாது, படித்தது பதிவதும் தூக்கத்தில்தான்.

ஒரு பாடத்தை மறுபடி எப்போது பார்ப்பது? படித்த அன்று இரவு ஐந்து நிமிடம், மறுநாள், நான்காம் நாள், பதினோராம் நாள், முப்பதாம் நாள். நோட்டின் மேல்மூலையில் இந்த ஐந்து தேதிகளையும் முன்கூட்டியே எழுதிவிட்டு, முடித்ததை டிக் செய். ஒவ்வொரு முறையும் முதலில் மறைத்துச் சொல், பிறகே திறந்து பார். ஒரு தேதி தவறிவிட்டால் மறுநாள் செய், அதற்காக அட்டவணையையே மாற்றி எழுத உட்காராதே.

கிளை நூலகத்துக்குள் போக உறுப்பினராக இருக்கவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை வேண்டும். படிவம் அங்கேயே கிடைக்கும், சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும், காப்புத்தொகை உறுப்பினர் நீங்கும்போது திரும்பக் கிடைக்கும். ஒரு முறைக்கு எத்தனை புத்தகம், எத்தனை நாள், தாமதமானால் என்ன என்ற மூன்றையும் முதல் நாளே நூலகரிடம் கேட்டுக்கொள். வார விடுமுறை எந்தக் கிழமை என்று வாசல் பலகையில் பார்த்துக்கொள், பலவற்றுக்கு அது ஞாயிறு அல்ல. முதல் நாள் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தோழியோடு போ. நூலகரிடம் 'ப்ளஸ் ஒன் இயற்பியலுக்குப் புத்தகம் இருக்கா?' என்று கேட்டால் அவர் கைகாட்டும் அடுக்கில் நீ தொலைந்துபோவாய். 'உராய்வு பற்றிப் படம் போட்டு விளக்கிய புத்தகம் வேண்டும்' என்று கேள், எழுந்து வந்து எடுத்துத் தருவார்.

தமிழ் வழியில் படிப்பதால் நூலகத்திலுள்ள ஆங்கில அறிவியல் நூல்களைப் பார்த்துப் பின்வாங்காதே. பாடநூலின் கடைசியில் தமிழ், ஆங்கிலக் கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில நூலின் சொல்லடைவில் தேடு. படத்தையும் வரைபடத்தையும் தீர்த்துக் காட்டிய கணக்கையும் முதலில் பார். சமன்பாடுகளுக்கு மொழி கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து சொல் வீதம் சீட்டில் ஏற்றினால், ப்ளஸ் டூ முடிவதற்குள் கல்லூரி வகுப்பில் முதல் மாதம் திணறாமல் இருக்கப் போதுமான சொல் கையில் இருக்கும். வீட்டில் செல்பேசி கிடைக்கும் நேரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தையும் பார்க்கலாம், பழைய அறிவியல் தமிழ் நூல்கள் பல அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பாடத்திட்டம் மாறியிருக்கும் என்பதால் அவற்றை விளக்கத்துக்கு மட்டும் பயன்படுத்து, விடைக்குப் பாடநூலையே நம்பு.

காலாண்டு விடைத்தாள் கையில் இருக்கிறதா? போன 41 மதிப்பெண்ணையும் மூன்றாகப் பிரித்து எழுது: தெரியாதது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, தெரிந்தும் கவனக்குறைவில் போனது. முதல் வகைக்கு நூலகம், இரண்டாம் வகைக்கு மூடிவிட்டு எழுதும் பயிற்சியும் சீட்டும், மூன்றாம் வகைக்கு வேறு மருந்து. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பதை நொடிக்கு 10 மீட்டராக மாற்றாமல் சூத்திரத்தில் போட்டிருப்பாய், அல்லது அலகு எழுதியிருக்க மாட்டாய். கணக்கைத் தொடும் முன் தரவுகளை எஸ்.ஐ. அலகில் (மீட்டர், கிலோகிராம், நொடி) தனி வரியில் எழுதும் பழக்கம் மட்டுமே அதைச் சரிசெய்யும். பொதுத்தேர்வில் விடை எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்குகளில் எந்த வழி என்று தீர்மானிக்கப் பயன்படுத்த இப்போதிருந்தே பழகு.

கதைப் புத்தக விஷயத்தில் உன் அம்மாவோடு நான் உடன்படவில்லை, அவர் கவலை புரிந்தாலும். நாற்பது பக்கம் தொடர்ந்து படிக்கப் பழகாத கண், இயற்பியல் இயல் ஒன்றை ஒரே அமர்வில் முடிக்காது. இரு வாரத்துக்கு ஒரு புத்தகம், இரவு தூங்கும் முன் இருபது நிமிடம் என்று அம்மாவிடம் சொல்லிக் கேட்டுக்கொள். அவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போ.

கிழிந்த புத்தகம் பற்றி. எடுக்கும்போதே பக்கங்களை விரலால் ஒருமுறை ஓட்டிப் பார். கிழிந்திருந்தால் அங்கேயே காட்டிப் பதிவேட்டில் எழுதச் சொல், பழி உன்மேல் வராது. உன் கையில் கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதே. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளித்து எழுத்தைத் தின்றுவிடும், பிரித்தால் தாளும் கூடவே வரும். கிழிந்த துண்டை அதே பக்கத்துக்குள் வைத்து, எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டில் எழுதி, மறைக்காமல் ஆசிரியரிடம் கொடு. மெல்லிய தாளும் மைதாப் பசையும் வைத்து அவர்கள் ஒட்டிக்கொள்வார்கள்.